செப்டிக் டேங்க் மூடியும் நான் வாங்கிய செடிகளும்

எங்கள் வீட்டு முனீஸ்வரர் பூஜைக்கு வந்திருந்த ஒரு பெரியம்மா, தாம்பாளத்தைக் கொண்டுபோய்ப் புல்வெளி நடுவே இருந்த சிமெண்ட் மேடையில் வைத்தார். தேங்காயை ஒரு பக்கம், வாழைப்பழத்தை ஒரு பக்கம் ஒழுங்காக அடுக்கினார். கற்பூரக் கட்டியைக் கையில் எடுத்தபோதுதான் நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கரண்டியோடு ஓடினேன்.

"பெரியம்மா, அது சாமி மேடை இல்ல. செப்டிக் டேங்க்."

அவர் கோபப்படவில்லை. "அப்ப ஏம்மா பலிபீடம் மாதிரி கட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் ஊரைத் தாண்டி, கரும்புத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் வீடு. நகராட்சிச் சாக்கடைக் குழாய் இந்தப் பக்கம் வரவில்லை. 2018இல் வீட்டை வாங்கியபோதே மூடி இரண்டும் அப்படித்தான் இருந்தன. இரண்டடிக்கு இரண்டடி, நடுவில் துருப்பிடித்த இரும்பு வளையம், புல்லுக்கு மேலே அரையடி உயரம். இங்கே ஸ்டூப் என்று சொல்கிற முன்திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தால் கண் நேராக அதில்தான் போய் விழும். அன்று முதல் அதை மறைப்பது என் வேலையானது. ஏழு வருடத்தில் வாங்கியவை, பிடுங்கிப் போட்டவை, இன்னும் இருப்பவை எல்லாவற்றையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் பணத்தை வீணாக்கிய கதை. 2019இல் ஒரு பெரிய தோட்டக் கடைக்குப் போனேன். காபி ஷாப், மீன் தொட்டி, தோட்டத்துப் பொம்மை எல்லாம் இருக்கிற கடை. பெயர் வேண்டாம். தப்பில் பாதி என்னுடையது. விற்பனைக்கு நின்ற பையனிடம் "ஒரு மூலையை மறைக்கணும், சீக்கிரம் வளரணும்" என்று மட்டும் சொன்னேன். செப்டிக் டேங்க் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். அவன் மூங்கிலைக் காட்டினான். "மேடம், இது கொத்தாக வளரும் வகை, ஓடிப் பரவாது." ஒன்று 450 ராண்ட் வீதம் மூன்று வாங்கினேன். அதோடு நேட்டால் பிளம், சூலு மொழியில் அமாதுங்குலு, இரண்டு. வெள்ளைப் பூ, மல்லிகை மாதிரி வாசம், சிவப்புப் பழம், பார்க்க அழகுதான்.

அந்தப் பையன் சொன்னது பொய்யில்லை. மூங்கில் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று வேரைக் கீழே அனுப்பியது. இரண்டே வருடத்தில் மூடி சுத்தமாக மறைந்துவிட்டது. நான் பெருமைப்பட்டேன். 2021இல் ஒருநாள் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் குடகுடவென்று சத்தம், அடுத்த வாரம் குளியலறைத் தரையில் தண்ணீர் மேலே வந்தது.

"நாளைக்கு ஹனிசக்கர் வருது" என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் இந்த வார்த்தையைக் கேட்டு ஏதோ தேன்சிட்டு வரப்போகிறது என்று நினைத்தவள் நான். கழிவுத் தொட்டியை உறிஞ்சி எடுக்கிற லாரிக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர். யார் வைத்தார்களோ, நல்ல நகைச்சுவை உணர்வு.

லாரியோடு வந்தவர் முதலில் கேட்டது: "ஆன்ட்டி, மூடி எங்கே?" நான் மூங்கில் புதரைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. நேட்டால் பிளத்துக்கு இரட்டைப் பல் முள். ஒவ்வொரு முள்ளும் நுனியில் இரண்டாகப் பிரிந்து நிற்கும். அவர் கையைக் கிழித்துவிட்டது. புதரை வெட்டி மூடியைத் திறக்கவே அரை நாள். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினார். வெளியே போகும் குழாயின் இணைப்பிலிருந்து ஒரு வேர்க்கற்றையை இழுத்து எடுத்துக் காட்டினார். மூன்றடி நீளச் சவுரி மாதிரி இருந்தது, நனைந்த சவுரி.

அவர்தான் எனக்கு உட்காரவைத்து விளக்கினார். தொட்டிக்குள் கனமானது அடியில் தங்கும், எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதக்கும், நடுவிலிருக்கும் தண்ணீர் மட்டும் குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் இறங்கும். அந்த ஈரத்தைத் தேடி வருகிற வேர், சிமெண்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் நுழைந்துவிடும். அடியில் தங்கியதைக் குடும்பத்தின் அளவைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்தே ஆக வேண்டும். அதனால் மூடியைக் கண்ணிலிருந்து மறைக்கலாம், கையிலிருந்து மறைக்கக் கூடாது. அன்று கொடுத்த காசில் எனக்குக் கிடைத்த பாடம் அது. உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும், மூடி விரிசல் விட்டிருந்தால் செடி வாங்குவதற்கு முன் மூடியை மாற்று, குழந்தை கீழே விழுந்தால் பின்னால் யாரும் இறங்கக் கூடாது என்றும் சொன்னார். பெரியம்மாவின் கற்பூரம் அப்போதுதான் நினைவுக்கு வந்து வயிற்றைப் புரட்டியது.

மூங்கில் போயிற்று. அடுத்தது சிரிங்கா மரம். தொட்டியிலிருந்து நாலே எட்டில் நின்றது. இங்கே பலரும் வேப்பிலைக்குப் பதிலாகச் சிரிங்கா இலையைத்தான் மாரியம்மனுக்கு வைக்கிறார்கள். வேம்பின் குடும்பம்தான், மலைவேம்புக்கு நெருங்கிய சொந்தம். அரசாங்கம் அதை அயல் ஆக்கிரமிப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்று சொன்னால் அத்தை கேட்பாரா? "அம்மா மரத்து மேல கை வைக்கக் கூடாது" என்று விட்டார். கடைசியில் புனித வெள்ளித் திருவிழாவுக்கு மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்த பிறகுதான் வெட்ட விட்டார். பதிலுக்கு ஒரு நிஜ வேப்பங்கன்றைப் பெரிய பூந்தொட்டியில் வைத்து, வீட்டின் மறுபக்கம் கொடுத்தேன். இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதற்குள் 2022 ஏப்ரல் வெள்ளம் வந்தது. டோங்காட்டின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையமே சிதைந்து, மாதக் கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. டேங்கர் லாரி, வாளி, வரிசை. அந்தக் காலத்தில் ஒன்றைக் கவனித்தேன். உறிஞ்சுகுழிக்கு மேலே எப்போதும் கரும்பச்சையாக இருக்கும் புல், நாங்கள் தண்ணீரைக் கிண்ணத்தில் அளந்து செலவழித்த அந்தக் குளிர்காலத்தில் மெல்ல மஞ்சளாகிவிட்டது. அத்தனை வருடம் அது எதைக் குடித்துப் பச்சையாக இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அத்தைக்கு அந்தப் பச்சை மேல் வெகுநாளாக ஒரு கண். "மடும்பி போட்டா எப்படி வரும் பாரு" என்பார். மடும்பி என்றால் நம் சேப்பங்கிழங்கு மாதிரிதான். கழிவுநீர் இறங்குகிற மண்ணில் தின்கிற எதையும் போடக் கூடாது, அதிலும் கிழங்கைப் போடவே கூடாது என்று எத்தனை தரம் சொல்வது? புல் மஞ்சளானதைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அதற்குப் பிறகு மடும்பிப் பேச்சு இல்லை.

சரி, நல்ல கடைக்கு வருகிறேன்.

ஆர் 102 சாலையில் வெருலம் போகும் வழியில், ஒரு மாமரத்தடியில் பச்சை வலை கட்டி, கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் செடி விற்கும் ஒரு சூலுப் பாட்டி இருக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. எல்லாரும் கோகோ என்றுதான் கூப்பிடுவார்கள், சூலுவில் பாட்டி என்று அர்த்தம். 2022 செப்டம்பரில், மழைக்காலம் தொடங்கும் முன், அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தைக்குச் சூலு சரளம். இந்த முறை கூச்சப்படவில்லை. டேங்க் மூடியை மறைக்க வேண்டும் என்றே சொல்லச் சொன்னேன்.

கோகோ செடியைக் காட்டவே இல்லை. முதலில் கேள்வி கேட்டார். வெயில் எத்தனை மணி வரை விழும்? குழாய் எந்தப் பக்கம் போகிறது? அப்புறம், "லாரி எந்தப் பக்கம் வரும்?" மூன்றாவது கேள்வியை எந்தத் தோட்டக் கடையிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவருடைய பேரன் ஹனிசக்கர் ஓட்டுகிறானாம். நான் வாழை மாதிரி உயரமாக நின்ற வெள்ளை ஸ்டிரெலிட்சியாவைக் காட்டினேன். கோகோ சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். அத்தை மொழிபெயர்த்தார்: "அதை வெச்சா என் பேரனுக்கு நல்ல வருமானம்கிறா."

பை ஒன்று 20 ராண்ட். மொத்தம் 22 பை, 440 ராண்ட். நான் முன்பு வாங்கிய ஒரு மூங்கிலின் விலைகூட இல்லை.

அதில் பன்னிரண்டு இசிஹாகா. காட்டுப்பூண்டு என்று சொல்லலாம், நர்சரிக்காரர்கள் துல்பாகியா என்பார்கள். ஒல்லியான இலை ஓரடி உயரம், அதற்கு மேலே கத்தரிப்பூ நிறத்தில் கொத்துப் பூ. கோடை முழுக்கப் பூக்கிறது. மூடியைச் சுற்றி, ஒரு முழம் இடம் விட்டு நட்டேன். தொட்டிக்கு மேலே மண் ஆழம் கிடையாது, வெயிலில் தோசைக்கல் மாதிரி சுடும், புல்லே காய்ந்துபோகிற இடம் அது. இது அங்கேயும் நின்றது. தண்ணீர் ஊற்றவே தேவையில்லை. ஊற்றவும் கூடாது, அந்த மண்ணுக்கு மேலிருந்து வேறு ஈரம் தேவையில்லை. வேர் ஆழம் போகாது, கொத்து பெருத்தால் மண்வெட்டியால் இரண்டாகப் பிளந்து எடுத்துவிடலாம். குறை ஒன்றுதான். மத்தியான வெயிலில், காலால் உரசினால், தோட்டமே பூண்டு ரசம் வைத்த அடுக்களை மாதிரி மணக்கும். எனக்குப் பரவாயில்லை. மூடியின் ஓரத்திலிருந்து எப்போதாவது வருகிற வேறு வாசனையோடு ஒப்பிட்டால் ரசம் எவ்வளவோ மேல். இதை வீட்டைச் சுற்றி நட்டால் பாம்பு வராது என்று சூலு மக்கள் நம்புகிறார்கள். எங்கள் தோட்டத்தில் கீரியும் சுற்றுகிறது. நான் நம்புவது கீரியை. இந்தச் செடிக்கு ஐந்துக்கு நாலே முக்கால் கொடுப்பேன். அந்தக் கால் பங்கு, அத்தை ஒருநாள் அதன் இலையைக் கிள்ளிப் பருப்பில் போடப் போனதற்குக் கழித்தது. தின்னக்கூடிய செடிதான், இந்த இடத்தில் விளைந்ததைத் தின்னக் கூடாது.

ஆறு பை டயட்டீஸ். இங்கே பெட்ரோல் பங்குகளிலும் சாலை நடுத்திட்டுகளிலும் பார்த்திருப்பீர்கள், வாள் மாதிரி இலை, வெள்ளைப் பூவில் மஞ்சளும் ஊதாவும் தீற்றியிருக்கும். ஒரு பூ மூன்று நாள்தான் இருக்கும், ஆனால் அடுத்தது தயாராக இருக்கும். "இதை மூடி பக்கத்தில் வைக்காதே" என்றார் கோகோ. பின்னே எதற்கு? ஸ்டூப்புக்கும் மூடிக்கும் நடுவே, ஸ்டூப் பக்கமாகத் தள்ளி, ஒரு வரிசையாக வைக்கச் சொன்னார். இடுப்பு உயரம் வரும், உட்கார்ந்து பார்க்கிற கண்ணுக்கு மூடி தெரியாது. நான் நாலு வருடமாக மூடியை மூடவே பார்த்தேன். கண்ணுக்கு முன்னால் ஒரு திரை போட்டால் போதும் என்பது தோன்றவே இல்லை. லாரி மறுபக்கத்திலிருந்து வருவதால் குழாயை இழுத்துவர வழி திறந்தே இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த யோசனைக்கே 440 ராண்ட் கொடுத்திருப்பேன்.

நாலு பை இபுச்சு, புல்பைன். மஞ்சள் நட்சத்திரப் பூ, சோற்றுக்கற்றாழை மாதிரி உள்ளே வழுவழுப்பு. அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்தால் அத்தை அதைத்தான் ஒடித்துத் தடவுவார். அதற்காகவே இரண்டை டேங்க்கிலிருந்து தள்ளி அடுக்களை வாசலில் வைத்துவிட்டேன். மீதி இரண்டு நல்ல வெயில் பக்கத்தில் நன்றாக இருக்கின்றன. சொல்ல வேறொன்றும் இல்லை.

காசு வாங்காமல் ஒரு பிடி கிராசுலா மல்டிகாவாவை ஒடித்துச் செய்தித்தாளில் சுருட்டிக் கொடுத்தார். இது நிழல் பக்கத்துக்கு. விரலளவு மண் போதும், பாறை மேல்கூடப் படரும். குளிர்காலத்தில் வெளிர் ரோஜா நிறத்தில் பொடிப்பூ, பூத்த காம்பிலேயே குட்டிச் செடி முளைத்துக் கீழே விழுந்து வேர் பிடிக்கும். இதை மட்டும்தான் மூடியின் விளிம்பு வரை வர விட்டேன். தேவைப்பட்டால் பாயைச் சுருட்டுவது போல எடுத்து ஒதுக்கிவைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம். இரண்டு முறை செய்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

ஏற்கனவே வீட்டில் இருந்த அகபாந்தஸைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். டிசம்பரில் நீலப் பூவோடு பிரமாதமாக இருக்கும். ஆனால் அதன் தடித்த வேர் பூந்தொட்டியையே பிளந்ததை நான் பார்த்திருக்கிறேன். செப்டிக் டேங்க்கிலிருந்து பத்தடி தள்ளி, வேலி ஓரம் நகர்த்திவிட்டேன்.

செடி பிடிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபைபர்கிளாஸில் செய்த போலிப் பாறை ஒன்று விற்கிறார்கள், மூடி மேல் கவிழ்த்து வைப்பதற்கு. என் வீட்டுக்காரர் 1,400 ராண்ட் கொடுத்து வாங்கி வந்தார். பெரிய கொழுக்கட்டை மாதிரி இருந்தது. எளிதில் தூக்கலாம், அது நல்ல விஷயம். 2024 ஜூன் 3ஆம் தேதி டோங்காட்டைச் சூறைக்காற்று புரட்டிப் போட்டபோது எத்தனையோ வீடுகளின் கூரை போனது, உயிர்களும் போயின. எங்களுக்கு இழப்பென்று சொல்ல இந்தக் கொழுக்கட்டை மட்டும்தான். கரும்புத் தோட்டத்துக்குள் கிடந்ததாக யாரோ சொன்னார்கள். போய் எடுத்து வரவில்லை.

மூடி மேல் பூந்தொட்டி வைக்கலாமா என்றால், சின்னதாக, ஒரு கையால் தூக்கக்கூடியதாக ஒன்று வைக்கலாம். கனமான சிமெண்ட் தொட்டி வேண்டாம், மூடி தாங்காது. எங்கள் வீட்டில் அதுவும் நிலைக்கவில்லை. இந்தக் கடலோரத்தில் குரங்குக் கூட்டம் வருமே, மூன்று ஜெரேனியம் தொட்டிகளை உருட்டிவிட்டுப் போயின. மண்ணை அள்ளி மூடி மேல் மேடாகப் போட்டு அதில் நடும் பழக்கமும் சிலருக்கு உண்டு. அடுத்த முறை லாரி வரும்போது அந்த மண்ணை வெட்டுவது யார் என்று யோசித்துவிட்டுப் போடுங்கள். உண்ணிச்செடி அழகாகப் பூக்கிறதே என்று வேலியோரத்திலிருந்து பிடுங்கி வந்து நட்டாள் என் தோழி ஒருத்தி. அது இந்த நாட்டில் கட்டாயமாகக் கட்டுப்படுத்த வேண்டிய செடிகளின் பட்டியலில் இருக்கிறது, வளர்ப்பதே சட்டப்படி தப்பு.

கோகோ கடையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அட்டை வாங்க மாட்டார், ரொக்கம் மட்டும். பில் கிடையாது. செடி செத்தால் மாற்றித் தருவதெல்லாம் கிடையாது, "தண்ணி அதிகமா ஊத்தியிருப்பே" என்பார், அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். சனிக்கிழமை கடை இல்லை. ஷெம்பே என்ற சூலுக் கிறிஸ்தவ சபைக்காரர், அவர்களுக்கு ஓய்வுநாள் சனிக்கிழமை. இது தெரியாமல் இரண்டு முறை போய், வெள்ளை ஆடையில் கோயிலுக்குப் புறப்படும் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அவருடைய பையில் வந்த கோரை. நட்ட இரண்டாம் மாதம் டயட்டீஸ் நடுவே முளைத்தது. கோரைக்கிழங்கைத் தோண்டி எடுத்தவர்களுக்குத் தெரியும், ஒன்றை எடுத்தால் ஏழு வரும். வாங்கும்போது பையை மெல்லச் சரித்து, அடிமண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

போன ஆகஸ்டில் ஹனிசக்கர் வந்தது. அதே ஓட்டுநர்தான். இறங்கியதும் அவர் கண் மூங்கிலைத் தேடியது, எனக்குத் தெரியும். நான் கிராசுலாவைச் சுருட்டி ஒதுக்கினேன், அவர் வளையத்தில் கம்பியை மாட்டித் தூக்கினார். மூடி திறக்க இரண்டு நிமிடம். குழாயை இழுத்தபோது இசிஹாகாவில் இரண்டு கொத்து நசுங்கியது. "சாரி ஆன்ட்டி" என்றார். நான் அந்த இரண்டையும் பிடுங்கிப் பையில் போட்டு அவர் அம்மாவுக்கென்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் முதலில் முள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

காலியான அந்த இடத்துக்கு இரண்டு பை வாங்க வேண்டும். நாளைக்குப் போகலாம் என்றால் சனிக்கிழமை.